லிங்க் ஏன் "404" ஆகிறது? முகவரி மாறினாலும் பக்கத்தைக் காப்பாற்றுவது எப்படி?

வகுப்புத் தோழி 3 ஆண்டுக்கு முன்பு வாட்ஸ்அப்பில் அனுப்பிய லிங்க். புராஜெக்ட் வேலைக்கு இப்போதுதான் தேவைப்படுகிறது. தட்டினால் "404 - பக்கம் காணப்படவில்லை".

கட்டுரையை அழித்துவிட்டார்களா? எப்போதும் அப்படி இல்லை. கட்டுரை அதே சர்வரில் பத்திரமாக இருக்கலாம். அதற்குப் போகும் முகவரி மட்டும் மாறியிருக்கலாம். மாற்றியவர்கள் பழைய முகவரியில் ஒரு தகவல் வைக்க மறந்திருக்கலாம்.

இது எவ்வளவு பெரிய பிரச்சினை? அமெரிக்காவின் பியூ ஆய்வு நிலையம் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-இல் இருந்த இணையப்பக்கங்களில் 38 விழுக்காடு 10 ஆண்டு கழித்துக் கிடைக்கவில்லை. செய்திப் பக்கங்களில் 23 விழுக்காட்டில் குறைந்தது ஓர் உடைந்த லிங்க்காவது இருந்தது. ஆக, எங்கள் தொழிலும் இதில் சேர்த்திதான்.

முகவரி ஏன் மாறுகிறது?

முக்கியக் காரணம், தளத்தைப் புதுப்பிப்பது. பழைய மென்பொருள் "செய்தி?எண்=48213" என்ற மாதிரி முகவரி கொடுத்திருக்கும். புதிய மென்பொருள் "சிங்கப்பூர்/ரயில்-கட்டணம்-உயர்வு" என்று தலைப்பையே முகவரியாக்கும். பார்க்க அழகுதான். ஆனால் அந்த ஒரு மாற்றத்தில், அதுவரை மற்றவர்கள் பகிர்ந்த எல்லா லிங்க்கும் ஒரே நாளில் செத்துப்போகலாம்.

அமைப்பின் பெயர் மாறினாலும் இதே கதை. சிங்கப்பூரில் தொடர்பு, தகவல் அமைச்சு 2024 ஜூலையில் மின்னிலக்க வளர்ச்சி, தகவல் அமைச்சு ஆனது. அமைச்சின் சுருக்கப் பெயரை இணைய முகவரியாக வைத்திருந்தால், பெயரோடு முகவரியும் மாறத்தானே வேண்டும்?

உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ இதைப் பற்றி 1998-லேயே எழுதிவிட்டார். அவர் சொன்னது எளிமையானது. நாளை மாறக்கூடிய எதையும் முகவரியில் வைக்காதீர்கள். எழுதியவர் பெயர் வேண்டாம், துறையின் பெயர் வேண்டாம், எந்த மென்பொருளில் ஓடுகிறது என்பதும் வேண்டாம். பக்கம் உருவான தேதியை வைக்கலாம், அது மாறவே மாறாது. கால் நூற்றாண்டு கடந்தும் பலர் அதைக் கேட்டபாடில்லை.

"301" என்ன செய்கிறது?

வீடு மாறும்போது தபால் நிலையத்தில் சொல்லிவைத்தால், பழைய முகவரிக்கு வரும் கடிதங்களைப் புதிய வீட்டுக்குத் திருப்பிவிடுவார்கள். இணையத்திலும் அதே ஏற்பாடு உண்டு. அதன் பெயர் ரீடைரக்ட்.

நீங்கள் லிங்க்கைத் தட்டியதும் உங்கள் பிரவுசர் சர்வரிடம் பக்கத்தைக் கேட்கிறது. சர்வர் ஓர் எண்ணுடன் பதில் சொல்கிறது. 200 என்றால் "இதோ இருக்கு". 404 என்றால் "அப்படி ஒன்றும் இல்லை". 301 என்றால் "நிரந்தரமாக இடம் மாறிவிட்டது, புதிய முகவரி இது". பிரவுசர் உடனே அங்கே போய்விடும், உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. 302 என்றால் தற்காலிக மாற்றம். 410 என்றால் பக்கம் நீக்கப்பட்டுவிட்டது, இனித் தேட வேண்டாம் என்று அர்த்தம்.

301-ஐப் போடுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பிரவுசர் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். தவறான இடத்துக்கு 301 போட்டுவிட்டு மறுநாள் திருத்தினாலும், முதல் நாள் வந்த வாசகரின் கைத்தொலைபேசி பழைய தவறான பாதையிலேயே போகலாம். அதனால்தான் பலர் முதலில் 302 போட்டுச் சோதித்துவிட்டு, எல்லாம் சரியாக இருந்தால் 301-க்கு மாற்றுகிறார்கள்.

உண்மையான வேலை பட்டியல் போடுவதில் இருக்கிறது. எந்தப் பழைய முகவரி எந்தப் புதிய முகவரிக்குப் போக வேண்டும்? ஆயிரக்கணக்கான பக்கங்களுக்கு ஒவ்வொன்றாக எழுத முடியாது. ஆனால் பழைய முகவரியில் இருந்த எண்ணைப் புதிய முகவரியிலும் விட்டுவைத்தால் ஒரே விதி போதும். "செய்தி?எண்=48213" என்பது "ரயில்-கட்டணம்-உயர்வு-48213" ஆகட்டும். சர்வர் கடைசி எண்ணை மட்டும் பார்த்துப் பக்கத்தைக் கண்டுபிடிக்கும். தலைப்பை நாளைக்கு மாற்றினாலும் கவலை இல்லை. முகவரியில் ஓர் எண் அசிங்கமாகத் தெரிகிறது என்று வடிவமைப்பாளர்கள் முகம் சுளிப்பார்கள். எண்தான் ஜெயிக்க வேண்டும் என்பது என் கருத்து.

செய்யக்கூடாத ஒன்றும் உண்டு. பழைய லிங்க் எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது. 404 வராதுதான். ஆனால் ரயில் கட்டணம் பற்றிப் படிக்க வந்தவர் முகப்பில் நின்று முழிப்பார். கூகலும் ஏமாறாது. அத்தகைய பக்கத்தை மறைமுக 404-ஆகவே அது கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

5 ஆண்டில் 3 முறை தளம் புதுப்பிக்கப்பட்டால் ரீடைரக்ட் சங்கிலியும் நீளும். ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று... ஒவ்வொரு தாவலுக்கும் நேரம் பிடிக்கும். நடுவில் ஒன்று அறுந்தால் முடிந்தது. கூகலின் தேடல் நிரல் 10 தாவல் வரைதான் பின்தொடரும். பழைய முகவரி ஒவ்வொன்றையும் நேராகக் கடைசி முகவரிக்கே அனுப்புவது நல்லது. ரீடைரக்டைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருங்கள் என்கிறது கூகல். வாசகர்கள் பக்கம் நின்று பார்த்தால், அதை எடுக்கவே காரணம் இல்லை.

தமிழ் முகவரிக்கு ஒரு கூடுதல் சிக்கல்

"அம்மா" என்பது நம் கணக்கில் 3 எழுத்து. கணினிக்கு 5 குறி: அ, ம, புள்ளி, ம, துணைக்கால். ஒவ்வொன்றும் 3 பைட். முகவரியில் நகல் எடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியுடன் 3 எழுத்தாக விரியும். மொத்தம் 45 எழுத்து! தமிழ் விக்கிப்பீடியா லிங்க்கை வாட்ஸ்அப்பில் ஒட்டியவர்களுக்கு அந்த நீளமான குழப்பம் நன்றாகத் தெரியும். சில செயலிகள் அதைப் பாதியில் வெட்டிவிடும்.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. "கொ" என்பதில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சர்வருக்கோ அவை இரு வேறு முகவரிகள். புதிய மென்பொருளுக்கு மாறும்போது எழுதும் முறையும் மாறினால், பார்க்கச் சரியாக இருக்கும் லிங்க்கும் வேலை செய்யாது. எல்லாத் தமிழ் எழுத்தையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஒப்பிட வேண்டும். இங்கேயும் அந்த "அசிங்கமான" எண் கைகொடுக்கும்.

முகவரி உங்கள் கையில் இல்லாதபோது

சுருக்க லிங்க் வசதியானது, ஆனால் அது இன்னொருவர் வீட்டுத் திண்ணை. கூகல் தன் சுருக்க லிங்க் சேவையை 2018-லேயே மூட அறிவித்தது. 2025 ஆகஸ்ட்டுக்குப் பிறகு அந்த லிங்க் எதுவும் வேலை செய்யாது என்று பின்னர் சொன்னது. எதிர்ப்பு வந்ததும், பயன்பாட்டில் உள்ளவற்றை மட்டும் விட்டுவைத்தது. கல்யாணப் பத்திரிகையிலும் சுவரொட்டியிலும் அச்சிடும் கியூஆர் குறியீட்டுக்கும் இது பொருந்தும். அதற்குள் இருப்பது ஒரு முகவரிதான். அச்சிட்ட பிறகு குறியீட்டைத் திருத்த முடியாது. உங்கள் சொந்த முகவரியை அதில் வைத்தால், பிறகு எங்கே வேண்டுமானாலும் திருப்பிவிட்டுக்கொள்ளலாம்.

சொந்த முகவரியையும் புதுப்பிக்காமல் விட்டால் வேறொருவர் வாங்கிவிடலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011-இல் வழங்கிய தீர்ப்பு ஒன்றில் நீதிபதி சாமுவல் அலிட்டோ ஓர் இணையப்பக்கத்தை மேற்கோள் காட்டியிருந்தார். அந்த முகவரியைப் பின்னர் வேறு யாரோ கைப்பற்றி, லிங்க்கை நம்புவதைக் கேலி செய்யும் வாசகத்தை அங்கே போட்டார். அந்த நீதிமன்றத் தீர்ப்புகளில் உள்ள லிங்க்குகளில் பாதி, முதலில் காட்டிய தகவலுக்கு இட்டுச்செல்வதில்லை என்று ஹார்வர்ட் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

கட்டுரையிலோ புராஜெக்டிலோ லிங்க் கொடுக்கிறீர்கள் என்றால், அதன் நகலை அன்றே சேமித்துவிடுங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவின் "வேபேக் மெஷின்" தளத்தில் முகவரியை ஒட்டினால் அன்றைய பக்கம் தேதியோடு பதிவாகும். செத்துப்போன லிங்க்கையும் முதலில் அங்கே தேடிப் பாருங்கள். சிங்கப்பூர்த் தளம் என்றால் தேசிய நூலக வாரியத்தின் இணையக் காப்பகத்திலும் தேடலாம். 2019 ஜனவரி 31 முதல், "டாட் எஸ்ஜி" தளங்களை ஒவ்வோர் உரிமையாளரிடமும் அனுமதி கேட்காமலேயே சேகரிக்கச் சட்டம் அதற்கு இடம் தருகிறது.