"பால் பத்தலை": கொஞ்சம் வரலாறு

இன்றைய பாடத்தில் அரசர்கள் இல்லை. பிள்ளை பெற்ற வீடுகளில் "பால் பத்தலை" என்ற பேச்சு வருகிறதே, அதன் கதையைப் பார்ப்போம்.

என் சிறுவயதில் சாணார்பட்டிப் பக்கம் பிள்ளை பிறந்ததும் முதலில் சேனை தொட்டு வைப்பார்கள். சர்க்கரைத் தண்ணீர்தான். தாயின் மஞ்சள் நிற முதல் பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டியவர்கள் உண்டு. மாடு கன்று போட்டால் மட்டும் சீம்பாலைக் காய்ச்சி ருசித்துச் சாப்பிடுவோம்! ஆனால் ஒரு நல்லதும் இருந்தது. பிள்ளை பெற்றவளைச் சுற்றி அம்மா, பாட்டி, சித்தி என்று ஆள் இருந்தார்கள். பிள்ளையை மாரில் போடச் சொல்லிக்கொடுப்பார்கள். பால் குடித்ததும் வாங்கிக்கொண்டு அவளைத் தூங்கவிடுவார்கள்.

பிறகு டப்பா பால் வந்தது. கொழுகொழு பிள்ளையை "கிளாக்ஸோ பேபி" என்றே கொஞ்சினோம். ஆனால் 1939-லேயே சிங்கப்பூரில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் இந்த விற்பனையைக் கண்டித்துப் பேசிவிட்டார். 1981 மே மாதம் உலக சுகாதார சபை இதற்கு விற்பனை நெறிமுறை வகுத்தது. ஆதரவு 118 நாடுகள். எதிர்த்தது அமெரிக்கா மட்டும். நம் நாடு 1992-ல் சட்டமே போட்டது. டப்பாவில் குழந்தைப் படம் கூடாது, விளம்பரமும் கூடாது.

நம் பக்கத்திலும் ஒரு வேலை நடந்தது. உலக வங்கி உதவியோடு 1980-ல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கிய இடம் நத்தத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கொட்டாம்பட்டி வட்டாரம். அப்போது நாமும் மதுரை மாவட்டம்தான்; திண்டுக்கல் பிரிந்தது 1985-ல். உள்ளூர்ப் பெண்களையே பணியில் வைத்து, மாதாமாதம் பிள்ளைகளை எடை போட்டு, அட்டையில் குறித்து, தாய்மாருக்குப் பக்குவமாக எடுத்துச் சொன்னார்கள்.

இன்று பிரசவம் ஆஸ்பத்திரியில். நல்லதுதான். ஆனால் வீட்டுக்கு வந்தபின் பல பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. ராத்திரி குழந்தை அழுதால் பால் பத்தலை என்று பயந்து பவுடரைக் கரைக்கிறார்கள். பிறந்த குழந்தையின் வயிறு சின்னது. இரண்டு மூன்று மணிக்கொரு தரம் விழிக்கத்தான் செய்யும். சப்பச் சப்பத்தான் பால் ஊறும். அதுவும் ராத்திரிப் பால் குடுப்பது சுரப்பைக் கூட்டும். பவுடர் கொடுத்தால் சப்புவது குறையும், பாலும் குறையும். பொய்யாகச் சொன்னது மெய்யாகிவிடும்.

முதல் வாரம் கழிந்தபின் குழந்தை நாளுக்கு ஆறு தடவையாவது ஒன்னுக்குப் போய், எடையும் ஏறினால் பால் போதுகிறது என்று அர்த்தம். சப்பாமல் சோர்ந்து கிடந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள். பால் கட்டினாலோ காம்பு புண்ணானாலோ கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

பாட்டி ஆகிவிட்ட என் மாணவிகளுக்கு ஒரு வீட்டுப்பாடம்: சேனையை விட்டுவிடுங்கள், பக்கத்தில் உட்காரும் பழக்கத்தை மட்டும் விடாதீர்கள். மகளோ மருமகளோ, பால் கொடுத்து முடித்ததும் பேரப்பிள்ளையை வாங்கிக்கொண்டு, "நீ தூங்கு தாயி" என்று சொல்லுங்கள்.