மண்ணைத் தட்டிப் பார்த்தவர்

சந்தையில் மண்பானை வாங்கும்போது அம்மா ஒவ்வொன்றாக விரலால் தட்டிப் பார்ப்பார். நன்றாக வெந்த பானையா, விரிசல் விட்டதா என்று சத்தமே சொல்லிவிடும். பானைக்கே இவ்வளவு பரிசோதனை. பல லட்சம் கொடுத்து வாங்கும் பிளாட்டுக்கு?

வங்கியில் வீட்டுக்கடன் கோப்புகள் எத்தனையோ பார்த்துவிட்டேன். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, மதிப்பீட்டாளர் அறிக்கை எல்லாம் இருக்கும். அடியில் கிடக்கும் மண் எப்படிப்பட்டது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. நானும்தான்.

மண்ணையும் தட்டிப் பார்க்கலாம் என்று காட்டியவர் ராபர்ட் மாலெட் என்ற அயர்லாந்து எஞ்சினியர். 1849-ல் டப்ளின் அருகே கில்லினி கடற்கரை மணலில் வெடிமருந்தைப் புதைத்து வெடிக்கச் செய்தார். தூரத்தில் ஒரு தட்டில் பாதரசம். அதிர்வு வந்து சேர்ந்ததும் அதில் தெரியும் பிம்பம் கலங்கும். அதுவரை ஆன நேரத்தைக் கணக்கிட்டார். மணலில் அலையின் வேகம் நொடிக்கு சுமார் 825 அடி. பக்கத்தில் டால்கி கருங்கல் பாறையில் சுமார் 1,300 முதல் 1,660 அடி வரை வந்தது.

அவர் எதிர்பார்த்ததைவிட இது மிகக் குறைவு. முதலில் வந்த மெல்லிய அதிர்வுகள் பாதரசத்துக்கு எட்டவில்லை, பின்னால் வந்த பலமான, மெதுவான அலைகளே சிக்கின. தரைப்பரப்பை ஒட்டி ஓடும் அலைகளுக்கு ராலே பிரபு 1885-ல்தான் கணக்குப் போட்டுக் காட்டினார்.

வேடிக்கை என்னவென்றால், இன்று மண் பரிசோதிப்பவர்களுக்கு வேண்டியது அந்த மெதுவான அலைகள்தான். தளர்ந்த மண்ணில் பக்கவாட்டு அதிர்வு மெல்ல நகரும், இறுகிய மண்ணில் விரைந்து ஓடும். வேகத்தின் வர்க்கத்தை அடர்த்தியால் பெருக்கினால் மண்ணின் விறைப்பு. வேகம் இரட்டித்தால் விறைப்பு நான்கு மடங்கு. கூட்டுவட்டி தெரிந்தவர்களுக்கு இது கஷ்டமில்லை!

இதை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும் என்று 1985 செப்டம்பர் 19 சொன்னது. நிலநடுக்கத்தின் மையம் பசிபிக் கரையோரம். 350 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த மெக்சிகோ சிட்டியில் கட்டடங்கள் சரிந்தன. பழைய ஏரிப்படுகைக் களிமண்ணில் அலையின் வேகம் நொடிக்கு 100 மீட்டர்கூட இல்லை. பாறைப் பகுதியைவிட அங்கே ஆட்டம் பல மடங்கு.

நான் மாறுதலில் வந்திருக்கும் அகமதாபாத்தும் ஒரு பாடம் கற்றது. 2001 ஜனவரி 26, குடியரசு தினக் காலை. மையம் இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, கட்ச் பகுதியில். இங்கே அடுக்குமாடிகள் விழுந்து 700-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மண் மட்டும் குற்றவாளி அல்ல. கார் நிறுத்த வெறும் தூண்களில் நின்ற தரைத்தளங்களும் காரணம். ஆனால் சபர்மதி கொண்டுவந்து கொட்டிய ஆழமான வண்டல்மேல்தான் ஊரே நிற்கிறது.

இப்போது வெடிமருந்து வேண்டாம். 1980-களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு முறை உருவானது. 1999-ல் கான்சாஸ் ஆய்வாளர்கள் அதை விரிவாக்கினார்கள். தரையில் இரும்புத் தகட்டைச் சம்மட்டியால் அடிப்பார்கள், வரிசையாக ஊன்றிய கருவிகள் அதிர்வைக் கேட்கும். நீண்ட அலைகள் ஆழத்தையும், குறுகியவை மேல்மண்ணையும் காட்டிக்கொடுக்கும். மேல் 30 மீட்டரின் சராசரி வேகம் நொடிக்கு 180 மீட்டருக்குக் கீழே என்றால் மென்மண். 760-ஐத் தாண்டினால் பாறை.

வெளியூரில் வீடு வாங்கப்போகும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டைல்ஸ் நிறம் கேட்கும்போது, மண் பரிசோதனை அறிக்கையையும் பில்டரிடம் கேளுங்கள். பானையைத் தட்டியவர்களின் பிள்ளைகள்தானே நாம்?