மாங்கனியும் கடல் வாணிகமும்

காட்பாடியிலிருந்து திருப்பதிக்கு இரயிலேறும் நம்மவர் சித்தூரையும் பாகாலையையும் கடந்தே செல்வர். வேங்கடவனை நினைந்து செல்வோர் வழியிலுள்ள மாந்தோப்புகளைக் கண்டு மகிழ்வதுண்டு. அத்தோப்புகளுக்கும் உலக வாணிக வரலாற்றுக்கும் உள்ள தொடர்பை எண்ணுவோர் சிலரே.

1964ஆம் ஆண்டு ஜெனீவாவில் ஐக்கிய நாடுகளின் வாணிக வளர்ச்சி மாநாடு முதன்முறையாகக் கூடியது. அதன் தலைமைச் செயலாளர், அர்ஜென்டினா நாட்டுப் பொருளாதார அறிஞர் ரவுல் பிரெபிஷ். மூலப்பொருளை விற்று இயந்திரத்தை வாங்கும் நாடு, நாளடைவில் அதே இயந்திரத்திற்கு மேன்மேலும் மிகுதியான மூலப்பொருளைக் கொடுக்க நேரும் என்பது அவர் கொள்கை. ஜூன் 15ஆம் நாள் வளரும் நாடுகள் 77 ஓரணியில் திரண்டன. பின்னர், 1988இல் பெல்கிரேடில் கையெழுத்தான உடன்படிக்கை, இத்தகைய நாடுகள் தமக்குள் சுங்கவரியைக் குறைத்துக்கொள்ள வழிவகுத்தது. எனினும், அதனால் சலுகை பெற்ற பண்டங்கள் சிலவே.

சித்தூர் வட்டாரம் கற்பிக்கும் பாடமும் இதுவே. கிளிமூக்கு எனத் தமிழர் வழங்கும் தோத்தாபுரிக் கனி பழுத்தபின் சில நாளில் அழுகிவிடும். அதனையே கூழாக்கிச் சூடேற்றி, கிருமி நீக்கிய பைகளில் அடைத்துப் பீப்பாயிலிட்டால் பல மாதங்கள் கெடாது, கடலும் கடக்கும். இங்ஙனம் சித்தூர், கிருஷ்ணகிரி ஆகிய இரு வட்டாரங்களும் நாட்டின் மாங்கூழ்த் தொழிலுக்கு நிலைக்களமாயின. நம் நாட்டு மாங்கூழை வாங்கும் சவூதி அரேபியா, ஏமன், குவைத் ஆகியவை அந்த 77 நாடுகளுள் அடங்கியவையே.

ஆயினும், சில சந்தைகளையே நம்பியிருத்தல் இடருடையது. 2025ஆம் ஆண்டில் முந்தைய ஆண்டின் கூழ் ஆலைகளில் தேங்கிக் கிடக்க, புதுக்கனியின் விலை வீழ்ந்தது. கிலோவுக்கு ஆலைகள் 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் தரும் என ஆந்திர அரசு அறிவித்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், பிற மாநிலத் தோத்தாபுரி சித்தூர் மாவட்டத்திற்குள் வரலாகாது என மாவட்ட நிர்வாகம் தடை விதித்தது. அதனை நீக்குமாறு கர்நாடக முதலமைச்சர் கடிதம் எழுதினார்.

தம் உழவரைக் காக்கும் கடமை எவ்வரசுக்கும் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், கோலாரில் மா பயிரிடுவோனும் உழவனே. கடல் கடந்த நாடுகளோடு கைகோக்க விழையும் நாம், அண்டை மாவட்டங்களுக்கிடையே அவ்வொற்றுமையைப் பேணாவிடின் விலை கேட்பவன் வலியவனாகிறான். விற்பவர் இருவரும் மெலிகின்றனர். விளைச்சலையும் விலையையும் இம்மூன்று மாநிலங்களும் பருவத்திற்கு முன்னரே கூடியமர்ந்து வகுத்துக்கொள்ளல் வேண்டும்.

எல்லை கடந்து பிற மாநிலங்களில் பிழைக்க வந்த நமக்கு இவ்வுண்மையைப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.