1996-இல் இரண்டு வழக்குகள்: தோலும் குப்பையும்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்றாலே பாலாற்று மாசு. பாலாற்று மாசு என்றாலே தோல் தொழிற்சாலை. நம்ம மனசுல இந்த வரிசை அப்படியே பதிஞ்சு போச்சு. காரணம் இல்லாமல் இல்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழாகிவிட்டது என்ற கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில் உறுதியானது.

அதே 1996-இல் அதே உச்ச நீதிமன்றத்துக்கு இன்னொரு வழக்கு வந்தது. பெங்களூரைச் சேர்ந்த அல்மித்ரா படேல் நகரக் குப்பைக்காகத் தொடுத்தது. அது நடந்துகொண்டிருக்கும்போதே, 2000-இல் நகராட்சித் திடக்கழிவு விதிகள் வந்தன. 2016-இல் வந்த புதிய விதிகள், வீட்டிலேயே மூன்றாகப் பிரித்துக் கொடுக்கணும் என்றன: ஈரக் குப்பை, உலர் குப்பை, வீட்டு அபாயக் கழிவு.

இரண்டையும் சேர்த்துப் படித்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. முதல் வழக்கில் குற்றவாளிக்கு முகவரி உண்டு, புகைபோக்கி உண்டு, அபராதமும் போட முடிந்தது: ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய். இரண்டாவதில் மாசுபடுத்துபவர் யார்? நீங்களும் நானும்தான். நமக்கு யார் நோட்டீஸ் அனுப்புவது?

வீட்டுக் குப்பை சாதுவானது என்று சொல்லிவிடவும் முடியாது. காய்கறித் தோலும் மீந்த சோறும் காற்றுப்படாமல் மலையாகக் குவிந்தால் மீத்தேன் வரும், கோடையில் தீப்பிடிக்கும். அடியில் கசியும் கறுப்புத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். பாலாறு வருஷத்தில் பெரும்பகுதி மணல்தான். அந்த மணலுக்கு அடியில் ஓடும் தண்ணீர்தான் கரையோர ஊர்களுக்குக் குடிநீர்.

இதற்கான விடையும் வேலூரிலிருந்தே வந்தது. ‘வேலூர் சீனிவாசன்’ என்று அறியப்படும் சி. சீனிவாசன், குப்பை அழுகுமுன் ஒரே நாளில் இரண்டு முறை சேகரிப்பது, மாட்டுக்கு ஆகிறதை மாட்டுக்குக் கொடுப்பது, மிச்சத்தை உரமாக்குவது, உலர்ந்ததை ரகவாரியாகப் பிரித்து விற்பது என்று செய்து காட்டினார். 2014-இல் ஆமிர் கானின் ‘சத்யமேவ ஜெயதே’ நிகழ்ச்சி அவரை நாடு முழுக்கக் கொண்டுபோனது. இதில் பெரிய இயந்திரம் எதுவும் இல்லை, நேரம்தான் சூட்சுமம். காலையில் தீவனமாக இருக்கும் கீரைத்தண்டு, மறுநாள் நாற்றம்.

இரண்டு கதைகளும் சந்திக்கும் இடம் ஆம்பூரில் இருக்கிறது. அங்கே பல பெண்கள் வீட்டிலேயே உட்கார்ந்து ஷூவின் மேல்பாகம் தைக்கிறார்கள். குரோமியத்தால் பதனிட்ட தோல் துண்டு வீட்டுக் குப்பையோடு கலந்து தெருமுனையில் எரிந்தால், அந்தக் குரோமியம் இன்னும் நச்சான வடிவத்துக்கு மாறக்கூடும். அந்தப் புகை எந்தத் தீர்ப்பின் கணக்கில் வரும்?

தோல் வழக்கு முடிஞ்சு போச்சுன்னு நினைக்காதீங்க. இழப்பீடு, கண்காணிப்பு பற்றி 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. முகவரி தெரிந்த குற்றவாளியிடம் வசூலிக்கவே இத்தனை வருஷம். நம் வாசலில் கலந்து கட்டிய பைக்கு அந்த அவகாசம் கிடையாது. அதை இன்றைக்குக் காலையிலேயே பிரித்தாகணும்.