கரையோரக் கடல் தூண்டில்: கோலும் ரீலும்

கடற்கரை, முகத்துவாரம், உப்பங்கழி, அலையாத்திக் கால்வாய், தூண்டில் வளைவு எனப்படும் கல்தடுப்பு ஆகிய இடங்களில் நின்றும், கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவில் சிறு படகில் இருந்தும் தூண்டில் போடுவது கரையோரக் கடல் தூண்டில். இதற்கான கோல், ரீல், நரம்பு, நரம்பின் முனையில் கட்டும் லீடர் ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். அப்படி ஒத்துப்போகும் தொகுப்பைத் தூண்டில்காரர்கள் காம்போ என்கிறார்கள். தமிழகக் கரையில் கைத்தூண்டில் பழைய பழக்கம். ரீல் பொருத்திய கோல் அண்மையில்தான் பரவியது. அதனால் ஆழ்கடலுக்கோ ஆற்றுக்கோ செய்த கோலை வாங்கிவந்து கடற்கரையில் தடுமாறுகிறவர்களை இன்றும் பார்க்கலாம்.

கடைக்குப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது ரீல். ஆனால் தேர்வு அங்கே தொடங்கக் கூடாது. எந்த இடம், எந்த மீன் என்று முதலில் முடிவாக வேண்டும். அதற்கு எத்தனை கிராம் இரையை வீச வேண்டும் என்பது அடுத்தது. அந்த எடைக்கு ஏற்ற கோல், கோலுக்கு ஏற்ற நரம்பு, நரம்பைக் கொள்ளும் ரீல் என்று வந்தால் பணம் வீணாகாது.

இடமும் மீனும்

தமிழகக் கரையில் தூண்டில்காரர்கள் மிகவும் தேடும் மீன் கொடுவா. பழவேற்காடு, எண்ணூர், முட்டுக்காடு போன்ற முகத்துவாரங்களிலும் கழிகளிலும் பாலத் தூண், பாறை, மரவேர் ஆகியவற்றை ஒட்டி அது பதுங்கி நிற்கும். இரையைக் கவ்விய சில நொடிகளிலேயே திரும்பித் தன் மறைவிடத்துக்குள் பாயும். அந்தப் பாய்ச்சலைத் தடுக்க முடியாவிட்டால் நரம்பு கல்லில் உரசி அறுந்துவிடும். ஆகவே கொடுவாவுக்கு எடுக்கும் கோலின் அடிப்பகுதியில் வலு இருக்க வேண்டும். அதன் செவுள் மூடியின் விளிம்பு கத்தியைப் போல் கூர்மையானது, வாயின் உட்புறம் சொரசொரப்பானது; லீடர் தடிமனாக இருந்தே ஆக வேண்டும்.

பாறை மீன் வேறு குணம். அது திறந்த நீரை நோக்கி நீண்ட ஓட்டம் ஓடும். இங்கே முக்கியம் ரீலில் இருக்கும் நரம்பின் நீளமும் டிராக் எனப்படும் ரீலின் விட்டுக்கொடுக்கும் அமைப்பு தடங்கலின்றி வழுக்குவதும். சீலாவுக்கும் வஞ்சிரத்துக்கும் பல் கூர்மை. நைலான் லீடரை நொடியில் துண்டித்துவிடும் என்பதால் முள்ளுக்கு முன்னால் ஒரு சாண் எஃகுக் கம்பி கட்டுவது வழக்கம். கிழங்கானுக்கு இவை எதுவும் வேண்டாம். மெல்லிய கோல், சிறிய முள், ஒரு துண்டு இறால் போதும்.

கோல்

கோலின் அடிப்பகுதியில், கைப்பிடிக்குச் சற்று மேலே, நீளம், வலு, வளைவு, நரம்பு அளவு, இரை எடை ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். வாங்குகிறவர் முதலில் படிக்க வேண்டியது இரை எடை. 10 முதல் 30 கிராம் என்று போட்டிருந்தால், நடுவில் உள்ள 15 முதல் 25 கிராம் வரைதான் அந்தக் கோல் நன்றாக வீசும். 5 கிராம் இரையைக் கட்டினால் கோல் வளையாது, இரை காலடியில் விழும். 60 கிராம் ஈயத்தைக் கட்டி முழு வேகத்தில் வீசினால் கோல் முறியக்கூடும்.

வலுவை லைட், மீடியம் லைட், மீடியம், மீடியம் ஹெவி என்று பிரிக்கிறார்கள். இதற்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொன்றின் மீடியம் ஹெவியாக இருக்கலாம். இரை எடையை நம்பச் சொல்வது இதனால்தான். வளைவு என்பது கோல் எந்த இடத்தில் வளைகிறது என்பதைக் காட்டும். ஃபாஸ்ட் என்றால் நுனிப் பகுதி மட்டும் வளையும்; கடி உடனே கைக்குத் தெரியும், முள் சட்டென்று தைக்கும். மாடரேட் என்றால் பாதிக் கோல் வரை வளையும்; உயிர் இரையை உதறாமல் வீசவும், மும்முனை முள் பொருத்திய செயற்கை இரை மீனின் வாயைக் கிழிக்காமல் இருக்கவும் இது உதவும். கரையோரத்தில் செயற்கை இரை போடுகிறவர்கள் பெரும்பாலும் ஃபாஸ்ட் கோலையே எடுக்கிறார்கள். அது சரியான தேர்வு.

நீளத்தைத் தீர்மானிப்பது நிற்கும் இடம். படகிலும் கயாக்கிலும் 6.5 முதல் 7 அடி போதும். அதற்கு மேல் நீண்டால் மீனைப் பக்கத்தில் கொண்டுவர முடியாமல் திண்டாட வேண்டும். கல்தடுப்பில் நிற்பவருக்கு 8 முதல் 9 அடி வேண்டும். கற்களுக்கு வெளியே நரம்பைத் தள்ளிப் பிடிக்க அந்தக் கூடுதல் நீளம் உதவும். அலை உடையும் மணற்கரையில் 60 கிராமுக்கு மேல் ஈயம் வைத்து அலைக்கு அப்பால் எறிவதென்றால் 10 முதல் 12 அடிக் கோல்.

கார்பன் கோல் எடை குறைந்தது, கடியைத் துல்லியமாக உணர்த்தும். ஆனால் கல்லில் இடித்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து பிறகொரு நாள் முறியும். கண்ணாடி இழைக் கோல் கனமானது, முரட்டுக் கையாளலைத் தாங்கும். இரண்டும் கலந்தவையும் உண்டு. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதை மறக்கக் கூடாது: இடி இடிக்கும்போதும் மின்கம்பிக்குக் கீழேயும் அதைத் தூக்கிப் பிடிப்பது உயிருக்கு ஆபத்து.

வளையங்களைக் கடையிலேயே சோதிக்கலாம். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் கொஞ்சம் பஞ்சை நுழைத்துச் சுற்றித் தேய்த்தால், உள்ளே உள்ள பீங்கான் வட்டத்தில் விரிசல் இருந்தால் பஞ்சின் இழை அதில் மாட்டிக்கொள்ளும். அந்த விரிசல்தான் பிறகு நரம்பை அறுக்கும். வளையத்தின் சட்டம் துருப்பிடிக்காத எஃகாகவோ டைட்டானியமாகவோ இருக்க வேண்டும்.

ரீல்

இங்கே இரண்டு வகை ரீல்கள் புழக்கத்தில் உள்ளன. ஸ்பின்னிங் ரீலில் நரம்புச் சுருள் அசையாமல் நிற்க, சுற்றிவரும் கம்பி வளைவு நரம்பைச் சுற்றும். நூற்பாலைத் தொழிலில் இருந்த ஆங்கிலேயரான ஆல்ஃபிரட் ஹோல்டன் இலிங்வொர்த் 1905இல் காப்புரிமை பெற்ற ரீல் இதன் முன்னோடி. பெய்ட்காஸ்டிங் ரீலில் சுருளே சுழலும்; வீசும்போது கட்டைவிரலால் அதை அடக்காவிட்டால் நரம்பு சிக்கிப் பந்தாகிவிடும். தடித்த நரம்பையும் கனமான இரையையும் வேர்களுக்கு நடுவே குறிபார்த்துப் போட அது சிறந்தது. எதிர்க்காற்றில் மெல்லிய இரையை வீச ஸ்பின்னிங்தான் கைகொடுக்கும். புதிதாகத் தொடங்குகிறவர் தயங்காமல் ஸ்பின்னிங் ரீலை வாங்கலாம்.

ரீலின் அளவை 2500, 3000, 4000, 5000 என்ற எண்களால் குறிக்கிறார்கள். இவை நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறும். கிழங்கானுக்கும் சிறு பாறைக்கும் 2500. முகத்துவாரக் கொடுவாவுக்கு 4000. கல்தடுப்பிலிருந்து பெரிய பாறையைக் குறிவைத்தால் 5000. பெரிய ரீல் பாதுகாப்பு என்று நினைத்து 6000ஐ 7 அடிக் கோலில் மாட்டுவது பரவலான தவறு. மணிக்கணக்கில் வீசி இழுக்கும் வேலையில் அந்த எடை மணிக்கட்டை வாட்டிவிடும். ரீலைக் கோலில் பொருத்தி, ரீலின் காலுக்குச் சற்று முன்னால் ஒரு விரலில் தாங்கிப் பார்க்க வேண்டும். கோல் ஏறத்தாழச் சமமாக நின்றால் சேர்க்கை சரி.

பெட்டியில் எத்தனை பேரிங் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அந்த எண்ணைக் கொண்டு ரீலை மதிப்பிட முடியாது. பார்க்க வேண்டிய இடம், கம்பி வளைவின் ஓரத்தில் நரம்பு ஓடும் சிறிய உருளை. நரம்பு இழுபடும்போது அது தடையின்றிச் சுழல வேண்டும். உப்பு முதலில் பிடிப்பதும் அதையே. உருளை இறுகினால் நரம்பு அதன்மேல் உரசித் தேயும், முறுக்கேறும். கைப்பிடியில் ஆட்டம் இருக்கிறதா என்றும் அசைத்துப் பார்க்க வேண்டும். ஐ.பி.எக்ஸ் 5 என்ற குறி, பீய்ச்சும் நீரைத் தாங்கும் என்று மட்டுமே சொல்கிறது. நீரில் முக்கலாம் என்று அதற்குப் பொருளில்லை.

நரம்பு, லீடர், டிராக்

நைலான் நரம்பு இழுத்தால் நீளும். மலிவு, கல்லில் உரசினாலும் ஓரளவு தாங்கும். பின்னல் நரம்பான பிரெய்டு பாலிஎத்திலீன் இழைகளால் ஆனது. அது நீள்வதே இல்லை எனலாம். அதே வலுவுக்கு நைலானைவிட மிக மெல்லியது, அதனால் வெகுதூரம் போகும். ஜப்பானிய முறையில் பிரெய்டின் தடிமனைப் பி.இ. எண்ணால் குறிக்கிறார்கள்: பி.இ. 1 என்றால் 0.165 மில்லிமீட்டர், பி.இ. 2 என்றால் 0.235 மில்லிமீட்டர். பவுண்டு எண்ணைப் பெரிதாகக் காட்டும் பெட்டிகள் உண்டு என்பதால் இரண்டையும் ஒப்பிட்டு வாங்குவது நல்லது.

கரையோரக் கொடுவாவுக்கு 20 பவுண்டு பிரெய்டும், அதன் முனையில் ஒரு மீட்டர் அளவுக்கு 30 முதல் 40 பவுண்டு ஃபுளோரோகார்பன் லீடரும் பொருத்தம். பிரெய்டை நேரடியாகச் சுருளில் சுற்றினால் அது பிடிமானமின்றி வழுக்கிச் சுற்றும். அடியில் சில சுற்று நைலான் போட வேண்டும். சுருளின் விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் கீழே நிறுத்தினால் வீச்சும் குறையாது, சிக்கும் விழாது.

டிராக் என்பது மீன் பலமாக இழுக்கும்போது நரம்பு அறாமல் ரீல் விட்டுக்கொடுக்கும் அமைப்பு. அதை நரம்பு அறும் எடையில் கால் பங்குக்கு வைப்பது நடைமுறை. 20 பவுண்டு என்பது 9 கிலோ. ஆக, டிராக் இரண்டேகால் கிலோ. வீட்டிலேயே இதை அளக்கலாம். நரம்பின் முனையை ஸ்பிரிங் தராசின் கொக்கியில் கட்டி, ஒருவர் தராசைப் பிடிக்க, மற்றவர் கோலைச் சாய்வாக உயர்த்தி மெல்ல இழுக்க வேண்டும். ரீல் நரம்பை விடத் தொடங்கும் கணத்தில் தராசு காட்டும் எண்தான் டிராக். தராசின் முள் அந்த எண்ணில் ஏறத்தாழ நிலையாக இருக்க வேண்டும். குதித்துக் குதித்து ஆடினால் டிராக் சரியில்லை. பிரெய்டு நீளாது என்பதால் இந்தக் குதிப்பு முழுவதும் முடிச்சின்மேலும் மீனின் வாயின்மேலும் விழும். 10 கிலோ, 12 கிலோ டிராக் என்ற விளம்பரத்துக்குக் கரையோரத்தில் வேலை இல்லை.

கோல்கள் அதிகம் முறிவது ஓடும் மீனால் அல்ல, அருகில் வந்துவிட்ட மீனால். கல்தடுப்பின் மேல் நின்றுகொண்டு கோலைத் தலைக்கு மேல் நிமிர்த்தி மீனைத் தூக்கும்போது சுமை முழுவதும் மெல்லிய நுனிக்குப் போகிறது. நீண்ட கைப்பிடி வலை ஒன்று கூட இருந்தால் இந்த இழப்பு நேராது.

உப்பும் பராமரிப்பும்

ஒவ்வொரு முறையும் வீடு திரும்பியதும் டிராக்கை இறுக்கி மூடிக்கொண்டு, ரீலின்மேல் நல்ல தண்ணீரை மெல்லத் தெளித்துக் கழுவ வேண்டும். குழாயை அழுத்தமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போகும். பிறகு நிழலில் உலர்த்தி, டிராக்கைத் தளர்த்தி வைத்து, உருளையிலும் கைப்பிடியிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். கோலின் வளையங்களையும் ரீல் பொருத்தும் இடத்தையும் துடைத்துவிட வேண்டும்.

கொடுவா ஆணாகத் தொடங்கிப் பிறகு பெண்ணாக மாறும் மீன். பெரியவை பெரும்பாலும் முட்டையிடும் பெண்கள் என்பதால் அவற்றைத் திரும்ப நீரில் விடுவது நல்லது. சரியான வலுவுள்ள கோலால் விரைவில் கரைசேர்த்த மீன் களைத்துப்போகாது; விட்டால் பிழைக்கும். மெல்லிய கோலில் வெகுநேரம் போராடவைப்பது வீரம் அல்ல.

ஒரே ஒரு தொகுப்புக்குத்தான் பணம் இருக்கிறது என்றால்: 8 அடி மீடியம் ஃபாஸ்ட் கார்பன் கோல், 10 முதல் 30 கிராம் இரை எடை, 4000 அளவு ஸ்பின்னிங் ரீல், 20 பவுண்டு பிரெய்டு 200 மீட்டர், 30 பவுண்டு லீடர். கோலில் கொஞ்சம் மிச்சம் பிடித்தாலும் ரீலில் பிடிக்க வேண்டாம். உப்பு முதலில் கைவைப்பது ரீலில்தான்.