பிரிவினைக் கோரிக்கையும் பொது அவையும்: சோசலிசக் கூட்டாட்சிகளின் சிதைவுக்கு எதிரே திராவிட நாடு

சோவியத் ஒன்றியம், யூகோஸ்லாவியா, செக்கோஸ்லோவாக்கியா மூன்றும் தத்தம் குடியரசுகளின் எல்லைக்கோட்டிலேயே உடைந்தன. இனத்துக்கோர் ஆட்சிப் பகுதி வகுத்ததே காரணம் என்ற முடிவு ஆய்வுலகில் ஏறத்தாழ நிலைபெற்றுவிட்டது. 1956இல் மொழிவழி மாநிலங்களை அமைத்தும் உடையாத இந்தியாவை முன்வைத்தால், இங்கே சட்டம் தடுத்தது என்பர். சான்றாகக் காட்டப்படுவது காலவரிசை: பிரிவினைக் கோரிக்கையைத் தடுக்கும் 16ஆம் அரசமைப்புத் திருத்தம் 1963 அக்டோபரில் வந்தது, நவம்பரில் தி.மு.க. திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கட்சி விதிகளிலிருந்து நீக்கியது.

காலவரிசை சரியே, அதன் தொடக்கப் புள்ளிதான் தவறு. தி.மு.க. முதன்முதலில் போட்டியிட்ட 1957 தேர்தலில் மக்களவைக்குச் சென்றவர் இருவர்: நாமக்கல்லிலிருந்து ஈ.வெ.கி. சம்பத், திருவண்ணாமலையிலிருந்து இரா. தர்மலிங்கம். ஒரு தொகுதியின் வெற்றியைக் கொண்டு வாக்காளர் மனத்தை அளந்துவிட இயலாது. கட்சியின் முடிவையோ அளக்கலாம்: பிரிவினை கேட்ட கட்சி, தான் பிரிய விரும்பிய நாட்டின் அவையிலேயே இடம் தேடிற்று. 1961இல் சம்பத் விலகினார். திராவிட நாடு நடைமுறைக்கு ஒவ்வாது என்பது அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று. திருத்தம் அப்போது பேச்சளவில்கூட இல்லை.

சர்ச்சைக்குரிய மூலம், 1962 மே 1 அன்று மாநிலங்களவையில் தி.மு.க. நிறுவனர் அண்ணா நிகழ்த்திய கன்னியுரை. அதைப் பிரிவினைப் பிரகடனமாகவே படித்து வந்திருக்கிறோம். அவர் தன்னுரிமை கேட்டது உண்மை. ஆனால் அதற்கு அவர் சொன்ன காரணத்தைக் கவனிக்க வேண்டும். திராவிடரிடம் நாடு முழுமைக்கும் அளிக்கத்தக்க தனித்தன்மையான ஒன்று உண்டு, ஆதலால் கேட்கிறோம் என்கிறார்; வங்காளிக்கோ மராட்டியருக்கோ பகையில்லை என்கிறார். வெளியேறுவதற்கான வாதம், எஞ்சி நிற்பவர்களை இணங்க வைக்கும் நடையில் அமைந்திருக்கிறது. இது தந்திரம் மட்டுமே என்பர். தந்திரமாயினும், பொது அவையில் செல்லுபடியாகும் மொழியை அக்கட்சி அதற்குள் கற்றுவிட்டது என்பதே என் வாதத்துக்குப் போதும். கோரிக்கை கைவிடப்பட்டதில் 1962 சீனப் போரின் பங்கை மறுக்கவில்லை. அது விரைவுபடுத்தியது, திசையை வகுக்கவில்லை.

இப்படியொரு பொது அவை அந்த மூன்று சோசலிசக் கூட்டாட்சிகளில் வளரவில்லை. சோவியத்தின் 1977 அரசமைப்பு, 72ஆம் பிரிவில், பிரிந்துபோகும் உரிமையை எழுதிவைத்தது. போட்டிக் கட்சி எதற்கும் மாஸ்கோவில் இடம் தரவில்லை. 1990 மார்ச்சில் கம்யூனிஸ்ட் கட்சியின் முற்றுரிமை நீங்கியபோது, மாற்றுக் கட்சிகள் வேர்விட்ட களங்கள் குடியரசு மன்றங்களே. யூகோஸ்லாவியாவிலோ 1990இல் பல்கட்சித் தேர்தல் குடியரசுகளில் மட்டும் நடந்தது. கூட்டாட்சி அளவில் நடக்கவேயில்லை. செக்கோஸ்லோவாக்கியாவில் பொதுத் தேர்தல் இருந்தும் உடைந்ததே என்ற மறுப்பு வலுவற்றது: அதன் கூட்டாட்சி நாடாளுமன்றத்தின் தேசங்களின் அவையில் செக், ஸ்லோவாக் ஆகிய இரு தரப்பில் எதன் சிறு குழுவும் முக்கியச் சட்டத்தை முடக்கலாம். அந்த இடம் தடுக்கும் வலிமையைத் தந்தது. ஆளும் பங்கைத் தரவில்லை.

எனவே பிரிவினையைத் தணிப்பது தடைச்சட்டம் என்ற பாடத்தை இந்தியாவிலிருந்து எடுப்பது பிழை. ஆட்சியை வெல்லும் வழி திறந்திருந்ததால்தான், 1967இல் கோட்டைக்கு வந்த கட்சி 1974இல் அதே அரசமைப்புக்குள் மாநில சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றியது. அவ்வழியை அடைத்துவிட்டுத் தடையை மட்டும் வைத்திருந்தால் விளைவு வேறாகியிருக்கும் என்றே கருதுகிறேன்.