மொரப்பூரும் மருத்துவச்சியும்: வீட்டுப் பிரசவத்தின் கதை

மொரப்பூர் என்றால் பலருக்கும் ஞாபகம் வருவது ரயில் நிலையம்தான். சென்னையிலிருந்து சேலம் போகும் ரயிலில் ஜோலார்பேட்டை தாண்டியும் தூங்காமல் இருந்தால் அந்த மஞ்சள் பலகை கண்ணில் படும். 1860களின் தொடக்கத்திலேயே இந்தப் பாதையில் ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. 1906ல் இங்கிருந்து தருமபுரிக்கு ஒரு குட்டி ரயிலும் விட்டார்கள். அது பின்னால் ஓசூர் வரை நீண்டு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது.

பிரசவக் கட்டுரையில் எதற்கு ரயில் கதை என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. சென்னை எழும்பூரில் பிரசவ ஆஸ்பத்திரி ஆரம்பித்தது 1844ல். அங்கே போக மொரப்பூரில் ரயிலும் இருந்தது. ஆனாலும் அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கும் மேல் இந்தப் பக்கத்துக் குழந்தைகளில் பெரும்பாலோர் பிறந்தது வீட்டு உள்ளறையில், விளக்கு வெளிச்சத்தில், மருத்துவச்சி கையில்தான். நடுராத்திரியில் இடுப்பு வலி எடுத்தால் ரயிலுக்கா காத்திருக்க முடியும்?

மருத்துவச்சி பிரசவ நேரத்தில் மட்டும் வந்து போகிறவர் இல்லை. மாதவிலக்கு தள்ளிப் போனதிலிருந்தே அவர் கணக்கு ஆரம்பித்துவிடும். வயிற்றைத் தொட்டுப் பார்த்தே எத்தனை மாதம், தலை எந்தப் பக்கம், பிள்ளை குறுக்கே கிடக்கிறதா என்று சொல்லிவிடுவார். ஒன்பதாம் மாதத்தில் வலி வந்தால் அது சூட்டு வலியா, பிள்ளை வலியா? சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்துப் பார்ப்பார்கள். வலி அடங்கினால் சூட்டு வலி; விட்டு விட்டு வந்து ஏறிக்கொண்டே போனால், வெந்நீர் போட வேண்டியதுதான்.

பிள்ளை பிறந்து, நஞ்சுக்கொடி விழுந்து, தொப்புள்கொடி அறுத்த பிறகுதான் வேலையின் நீளமான பகுதி. தாய்க்கு வேப்பிலை, நொச்சி போட்டுக் காய்ச்சிய தண்ணீரை இடுப்பில் அடித்து ஊற்றுவது, வயிற்றில் துணி கட்டுவது, குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது, சுக்கு, பூண்டு, கருப்பட்டி, சதகுப்பை சேர்த்து மருந்து கிளறிக் கொடுப்பது, பத்தியம் சொல்வது... தீட்டு கழிகிற வரைக்கும் வந்து போவார். உங்கள் வீட்டில் எழுபது வயசு தாண்டிய பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள். பிள்ளை பிறந்த தேதி மறந்திருக்கும், பிள்ளை எடுத்தவர் பெயர் மறந்திருக்காது.

கூலி? நெல்லோ ராகியோ சில படி, ஒரு சேலை, வெற்றிலை பாக்கு, கொஞ்சம் காசு. ஆண் பிள்ளை என்றால் கொஞ்சம் கூடும். எந்தப் பேரேட்டிலும் ஏறாத வரவு இது. பல ஊர்களில் இந்த வேலையைச் செய்தவர்கள் நாவிதர் (மருத்துவர்) சமூகத்துப் பெண்கள். உயிரைக் காப்பாற்றுகிற கை, ஆனால் தீட்டைத் தொடுகிற கை. அதனால் அந்த நாற்பது நாள் வீட்டின் உள்ளறை வரை போனவருக்கு, மற்ற நாட்களில் திண்ணையோடு சரி. இதை விட்டுவிட்டு மருத்துவச்சியைப் புகழ்ந்து மட்டும் எழுதுவது நேர்மை ஆகாது.

அதே மாதிரி, பழசெல்லாம் பொன் என்று சொல்வதும் நேர்மை ஆகாது. கொடியை அறுக்கக் கையில் கிடைத்த அரிவாளோ மூங்கில் சிம்போ உதவியது. அறுத்த இடத்தில் சாம்பல், சாணி என்று வைத்ததும் உண்டு. அதன் வழியாக வந்த டெட்டனஸில் பச்சைக் குழந்தைகள் ஒரு வாரத்திலேயே போய்விட்டன. சீம்பால் கெட்டது என்று பீய்ச்சிக் கொட்டினார்கள். எல்லாவற்றையும்விட மோசம், பிள்ளை பிறந்த பிறகு நிற்காமல் போகிற ரத்தம். இரண்டு மணி நேரத்தில் உயிர் போய்விடும். அதற்கு எந்த மருத்துவச்சியிடமும் மருந்து கிடையாது. 1946ல் வந்த போர் கமிட்டி அறிக்கை, நாட்டில் வருஷத்துக்கு சுமார் 2 லட்சம் பெண்கள் கர்ப்பம், பிரசவம் தொடர்பான காரணங்களால் சாகிறார்கள் என்று மதிப்பிட்டது. 1000 குழந்தை பிறந்தால் சுமார் 20 தாய்மார் மரணம்!

அப்படியானால் ஆஸ்பத்திரிதான் எப்போதுமே பத்திரமா? அதுவும் இல்லை. 1840களில் வியன்னா நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இரண்டு பிரசவ வார்டுகள். டாக்டர்களும் மாணவர்களும் பார்த்த வார்டில் தாய் இறப்பு நூற்றுக்குப் பத்தை ஒட்டி. மருத்துவச்சிகள் பார்த்த வார்டில் நான்குக்கும் கீழே. செம்மல்வெய்ஸ் என்ற டாக்டர் காரணத்தைக் கண்டுபிடித்தார்: டாக்டர்கள் பிணத்தை அறுத்துவிட்டு, அதே கையோடு பிரசவம் பார்க்க வந்தார்கள். 1847ல் குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவ வைத்ததும் சாவு சட்டென்று குறைந்தது. ஆக, வீடா ஆஸ்பத்திரியா என்பதைவிட, கை சுத்தமா, நிலைமை கைமீறினால் அடுத்த உதவி எவ்வளவு தூரம் என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்கு அரசாங்கம் தேடிய பதில்கள் பல. 1854லேயே சென்னையில் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சிப் பள்ளி அனுமதிக்கப்பட்டது. 1903ல் கர்சன் பிரபுவின் மனைவி, கிராமத்து மருத்துவச்சிகளைப் பயிற்றுவிக்கவே விக்டோரியா மகாராணி பெயரில் ஒரு நிதி தொடங்கினார். 1926ல் சென்னை மாகாண செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. சட்டம் வந்ததும் பதிவேடு வந்தது. சான்றிதழ் இல்லாத கிராமத்து மருத்துவச்சி அந்தப் பதிவேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

அதே 1926ல் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில், களுத்துறையில் ஒரு சுகாதாரப் பிரிவு ஆரம்பித்தார்கள். பயிற்சி பெற்ற மருத்துவமாது ஒருவருக்கு இத்தனை வீடுகள் என்று ஒதுக்கி, கர்ப்பிணியை வீட்டிலேயே போய்ப் பார்த்து, சிக்கல் என்றால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முறை. அது மெல்ல நாடு முழுக்கப் பரவியது. 1940களின் பிற்பகுதியில் சில வருஷங்களிலேயே அங்கே தாய் இறப்பு பாதியாகக் குறைந்தது. மலேரியா ஒழிப்புக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் வீட்டு வாசலில் நின்ற அந்த மருத்துவமாதுவின் பங்கு பெரிது. நம் பக்கம் இந்த ஆள் வந்து சேர ரொம்ப காலம் ஆனது.

1952ல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரத் தொடங்கின. துணை செவிலியர் என்ற பதவி வந்தது; அவர்தான் பிறகு தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியர் ஆனார். 1977ல் ஆயிரம் பேருக்கு ஒரு மருத்துவச்சி என்ற கணக்கில் கிராமத்து மருத்துவச்சிகளுக்கே ஒரு மாதப் பயிற்சி கொடுத்து, கையில் ஒரு பெட்டியையும் கொடுத்தார்கள். உள்ளே சோப்பு, பிளேடு, நூல், பஞ்சு. பார்த்தால் சாதாரணம். ஆனால் புது பிளேடும் வேகவைத்த நூலும், கர்ப்பிணிக்குப் போட்ட தடுப்பூசியும் சேர்ந்துதான் பச்சைக் குழந்தைகளின் டெட்டனஸை விரட்டின. 2015ல் இந்தியா அதை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது.

தருமபுரிப் பக்கத்தில் செவிலியருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. எழுதக் கசப்பானது. 1990களில் பெண் சிசுக்கொலைக்குப் பெயர்போன மாவட்டங்களில் இதுவும் ஒன்று. நாலு சுவருக்குள் பிறந்த குழந்தை நாலு சுவருக்குள்ளேயே முடிந்து போனால் வெளியே யாருக்குத் தெரியும்? 1992ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001ல் தருமபுரிக்கும் வந்தது. அதற்கு முன்பே, 1990களின் கடைசியில், இந்த மாவட்டத்துக் கிராமங்களில் தெருக்கூத்து, நாடகம் என்று பெரிய பிரச்சாரமே நடந்தது. ஏற்கனவே பெண் குழந்தைகள் உள்ள கர்ப்பிணி வீட்டுக்குச் செவிலியர் அடிக்கடி போய் வந்தது இதனால்தான். பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கட்டும் என்ற வற்புறுத்தலில் தாயின் உயிர் மட்டுமல்ல, மகளின் உயிரும் இருந்தது.

இனி சிட்லிங்கி. அரூர் தாண்டி மலைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தாக்கு. 1993ல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற டாக்டர் தம்பதி காந்திகிராமத்து ஆஸ்பத்திரி வேலையை விட்டு அங்கே போனார்கள். அப்போது அங்கே ஆயிரம் குழந்தைகளில் 147 முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. பக்கத்து ஆஸ்பத்திரிக்கே சுமார் 50 கி.மீ. போக வேண்டும். ஊர் ஜனங்கள் கட்டிக் கொடுத்த குடிசைதான் முதல் ஆஸ்பத்திரி. அவர்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம், நர்ஸ்களை வெளியிலிருந்து தேடாமல் பள்ளத்தாக்குப் பெண்களையே பயிற்றுவித்தது. ஊர் ஊராக, ஊரே தேர்ந்தெடுத்த பெண்களுக்குக் கர்ப்பிணியைப் பார்க்கவும், சுத்தமாகப் பிரசவம் பார்க்கவும், ஆபத்தின் அறிகுறி தெரிந்ததும் அனுப்பி வைக்கவும் கற்றுக் கொடுத்தார்கள். குழந்தை இறப்பு பல மடங்கு குறைந்தது. களுத்துறையில் 1926ல் செய்ததைத்தான், கிட்டத்தட்ட எழுபது வருஷம் கழித்து, ஒரு குடிசையில் வைத்துச் செய்தார்கள்.

மற்ற இடங்களில் மாற்றம் வேறு வழியில், வேகமாக வந்தது. 1994 முதல் தமிழ்நாட்டில் ஒவ்வொரு தாய் மரணமும் ஏன் நடந்தது என்று விசாரிக்கும் வழக்கம் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர் போட்டு 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க ஏற்பாடு ஆனது. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி 2006ல் 6000 ரூபாய் ஆனது. 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. ரயில் செய்ய முடியாததை அந்த வேன் செய்தது: வாசலுக்கே வந்தது. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 1998-99ல் ஆஸ்பத்திரிப் பிரசவம் நூற்றுக்கு 79, 2019-21ல் 99.6. தாய் இறப்பு 2018-20ல் லட்சத்துக்கு 54. போர் கமிட்டி சொன்ன ஆயிரத்துக்கு 20 என்பதை லட்சத்துக்கு மாற்றினால் 2000. எந்தப் பேலன்ஸ் ஷீட்டிலும் இப்படி ஒரு லாபத்தைப் பார்க்க முடியாது.

செலவுப் பக்கமும் ஒன்று உண்டே. அதே 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். பிரசவ வார்டுகளில் கூடத் துணைக்கு ஆள் இல்லாமல், திட்டு வாங்கிக்கொண்டு பிள்ளை பெற்ற கதைகளும் ஏராளம். இந்த வெறுப்பில்தான் சிலர் மறுபடி வீட்டுப் பக்கம் திரும்புகிறார்கள். ஆனால் 2018 ஜூலையில் திருப்பூரில், வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதில் ஒரு இளம்பெண் ரத்தப்போக்கில் இறந்தார். அந்த வீட்டில் மருத்துவச்சியே இல்லை. பழைய காலத்து வீட்டுப் பிரசவத்தில்கூட இப்படி ஒரு நிலைமையை ஊர் விட்டிருக்காது.

அதே 2018 டிசம்பரில் மத்திய அரசு மருத்துவச்சி சேவைக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. ஏற்கனவே நர்ஸ் படிப்பு முடித்தவர்களுக்கு ஒன்றரை வருஷம் தனிப் பயிற்சி. சிக்கல் இல்லாத பிரசவங்களை டாக்டரின் தலையீடு இல்லாமல் அவர்களே பார்க்கலாம். வலி நேரத்தில் கூட ஆள் வைத்துக்கொள்ளலாம். படுத்துக்கொண்டேதான் பெற வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சொல்லப் போனால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவு இரண்டு மணிக்குப் பிள்ளையைக் கையில் வாங்குகிற ஸ்டாஃப் நர்ஸின் பதிவுச் சான்றிதழில் நர்ஸ் என்ற சொல்லோடு மிட்வைஃப் என்ற சொல்லும் முன்பிருந்தே சேர்ந்துதான் இருக்கிறது. அவரை அந்தப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான்.